எண்ணெய்க் கிணற்றில் தண்ணீர் ஏறுகிறதா? வயதான வயலில் கோளாறு தேடும் முறை

வயதான எண்ணெய் வயலில் உற்பத்தி விழத் தொடங்கியதும் கூட்டம் போடுவார்கள். முடிவு பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும்: முப்பரிமாண நில அதிர்வு அளவீடு எடுப்போம், தேக்கப் பாறைக்கு, அதாவது எண்ணெய் தங்கியிருக்கும் பாறைக்கு, புதிய கணினி மாதிரி செய்வோம். இரண்டும் நல்ல கருவிகள்தான். ஆனால் குஜராத்தின் கேம்பே படுகையில் நான் கழித்த ஆண்டுகளில், அவ்வளவு தூரம் போகாமல் பதிவேட்டிலும் மாதிரி பாட்டிலிலுமே அகப்பட்டுக்கொண்ட கோளாறுகள் ஏராளம். பூமிக்கடியில் இருக்கும் எண்ணெயில் உலகச் சராசரியாக மூன்றில் ஒரு பங்குதான் வெளியே வருகிறது. மீதி எந்த அடுக்கில், எந்த மூலையில் தங்கிவிட்டது என்ற துப்பு அநேகமாக நம் அலமாரியிலேயே இருக்கும்.

எந்த அறிகுறியானாலும் நான் போகும் வரிசை இதுதான்: காகிதம், பாட்டில், கம்பி, ரிக். முதலில் பழைய பதிவுகள். அடுத்து மாதிரி எடுத்துச் செய்யும் சோதனை. பிறகு கம்பியில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கும் அளவிகள். கடைசியாகத்தான் ரிக் என்ற துளைக்கோபுரத்தைக் கொண்டுவந்து நிறுத்தும் வேலை. ஒவ்வொரு படியிலும் செலவு பல மடங்கு ஏறும்.

உட்காருவதற்கு முன் மூன்று கோப்புகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: முதலாவது, ஒவ்வொரு கிணற்றுக்கும் மாதவாரி உற்பத்தியும், எண்ணெயைத் தள்ளச் செலுத்துகிணறுகள் வழியே செலுத்திய நீரின் கணக்கும்; இரண்டாவது, கிணறு தோண்டியபோது எடுத்த லாக் (கிணற்றுக்குள் அளவி இறக்கி எடுத்த ஆழவாரிப் பதிவு), கோர் (உருளையாக வெட்டியெடுத்த பாறை) அறிக்கைகள்; மூன்றாவது, பிற்பாடு செய்த பழுதுபார்ப்பு வரலாறு. மூன்றாவது கோப்பு கிடைக்காது. தேடிக் கண்டுபிடியுங்கள்.

அறிகுறி 1: நீர்ப் பங்கு திடீரென்று ஏறிவிட்டது

*அ. அளவே தவறா?*

இதைக் கேட்டால் களப் பணியாளர்கள் கோபித்துக்கொள்வார்கள். இருந்தாலும் கேளுங்கள். ஒரு கிணற்றில் வாரக்கணக்கில் 70 சதவீதம் தண்ணீர் என்று பதிவாகிக்கொண்டிருந்தது. மூடிவிடலாம் என்று கடிதமே தயாராகிவிட்டது. நேரில் போய்ப் பார்த்தேன். மாதிரி எடுக்கும் வால்வு, குழாய் தாழ்ந்து வளையும் இடத்தில், அடிப்பக்கமாக இருந்தது. குழாயில் பிரிந்து நிற்கும் தண்ணீர் அங்கேதான் வந்து தங்கும். காலை ஆறு மணிக்கு வரும் பையன் வால்வைத் திறந்து முதலில் கொட்டுவதை அப்படியே பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. வேறு விதமாகப் பிடிக்க வேண்டும் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. கிணற்றின் தலைப்பகுதியில், நேராக மேலேறும் குழாயில், சற்று நேரம் ஓடவிட்டு, ஒரு மணி நேர இடைவெளியில் மூன்று மாதிரிகள் எடுத்தோம். நீர்ப் பங்கு நாற்பதைத் தாண்டவில்லை.

செய்ய வேண்டியவை: மாதிரியை மேற்சொன்னபடி எடுங்கள். எண்ணெயும் நீரும் குழம்பிய பால்போல் வந்தால் குழம்புநீக்கி கலந்து சுழற்றிப் பிரித்த பிறகே அளவைப் படியுங்கள். சோதனைச் செப்பரேட்டரில் (எண்ணெய், நீர், வாயுவைப் பிரித்து அளக்கும் கலத்தில்) பக்கத்துக் கிணற்றின் வால்வு சரியாக மூடாமல் அதன் தண்ணீரும் சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள். வெளியாள் தேவையில்லை.

*ஆ. அளவு சரி. அப்படியானால் இது யார் வீட்டுத் தண்ணீர்?*

ஒரே கிணற்றுக்குள் மூன்று வகைத் தண்ணீர் வரலாம்: பாறையோடு பிறந்த உப்புநீர், நாம் செலுத்திய நீர், மேலே வேறொரு மணல் அடுக்கிலிருந்து ஒழுகும் நீர். குளோரைடு, சல்பேட், பைகார்பனேட் அளவுகளை முதல் ஆண்டு எடுத்த அறிக்கையோடு ஒப்பிடுங்கள். கடல்நீரைச் செலுத்தும் வயலானால் சல்பேட்டே காட்டிக்கொடுத்துவிடும்; கடல்நீரில் அது லிட்டருக்குச் சுமார் 2,700 மில்லிகிராம். பாறை நீரில் பேரியம் இருந்தால் இரண்டும் சந்திக்கும் இடத்தில் பேரியம் சல்பேட் படிந்து குழாயை அடைக்கும். அந்தப் படிவு அமிலத்தில் கரையாது. அதைக் கண்டால் அன்றே ரசாயனப் பிரிவை அழையுங்கள்.

அந்நிய நீர் என்றால் இ-க்குப் போங்கள். பாறை நீர் என்றால் ஈ. செலுத்திய நீர் என்றால் உ.

*இ. குழாயில் ஓட்டை, அல்லது சிமென்ட்டுக்குப் பின்னால் வழி*

நீர்ப் பங்கு ஒரே இரவில் ஏறியிருந்தால் முதல் சந்தேகம் இதன் மேல்தான் விழ வேண்டும். பாறைக்குள் நடக்கும் மாற்றம் அவ்வளவு அவசரப்படாது. முதலில் வெப்பநிலை லாக். ஒழுகும் இடத்தில் வெப்பக் கோடு வழக்கமான சரிவிலிருந்து விலகும். அடுத்து கேசிங் (கிணற்றுச் சுவரைத் தாங்கும் குழாய்) அழுத்தச் சோதனை, அதைச் சுற்றியுள்ள சிமென்ட்டின் பிடிமான லாக். இதற்கு லாக் குழுவும், உறுதியானால் பழுதுபார்க்கும் ஒர்க்ஓவர் ரிக்கும் தேவை. ஆனால் தேக்கப் பாறைக்கும் கணினி மாதிரிக்கும் இங்கே வேலையே இல்லை. மாதிரியை மூன்று மாதம் திருத்திய பிறகு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்ட கதை எனக்குத் தெரியும். யாருடையது என்று சொல்ல மாட்டேன்.

*ஈ. அடியிலிருந்து கூம்பாக எழும் தண்ணீர்*

சோக்கை, அதாவது கிணற்றின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் துவாரத்தை, குறைத்துச் சில நாட்கள் ஓடவிடுங்கள். நீர்ப் பங்கு தெளிவாக இறங்கினால் கூம்புதான். இறங்காவிட்டால் உ-வுக்குப் போங்கள். 1995-இல் சான் என்ற பொறியாளர் வெளியிட்ட வரைபடமும் உதவும்: நீருக்கும் எண்ணெய்க்குமான விகிதத்தையும் அது மாறும் வேகத்தையும் நாட்களுக்கு எதிராக இரட்டை மடக்கைத் தாளில் குறியுங்கள். விகிதமும் வேகமும் சேர்ந்து ஏறினால் தண்ணீர் ஒரு வழியைப் பிடித்து ஓடி வருகிறது. விகிதம் ஏறி வேகம் இறங்கினால் கூம்பு. ஆனால் அடிக்கடி சோக் மாற்றிய கிணற்றில் இந்த வரைபடத்தை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதாதீர்கள். எந்தக் கதையை வேண்டுமானாலும் அது சொல்லும்.

*உ. திருட்டு வழி: விரிசல் அல்லது மெல்லிய வேக அடுக்கு*

பலருடைய பணம் கரைவது இந்த இடத்தில்தான். எனவே சற்று நின்று போவோம்.

முதலில் காகிதம். செலுத்துகிணறுகளைச் சுற்றியுள்ள ஒவ்வொரு கிணற்றிலும் நம் தண்ணீர் எந்த மாதம் முதன்முதலாக எட்டிப் பார்த்தது என்று வரைபடத்தில் எழுதுங்கள். முதலில் நனைந்த கிணறுகள் ஒரே திசைக் கோட்டில் விழுந்தால் அது விரிசலின் திசை. மேற்கு டெக்சாஸின் ஸ்ப்ராபெரி வயல் இதற்குப் பாடம். அங்கே பாறையின் ஊடுருவுதிறன் (திரவத்தைத் தன் வழியே விடும் திறன்; அலகு மில்லிடார்சி) ஒரு மில்லிடார்சிக்கும் கீழே, மிகக் குறைவு. ஆனால் வடகிழக்கு-தென்மேற்காக இயற்கை விரிசல்கள் ஓடுகின்றன. அந்தத் திசையில் இருந்த கிணறுகளுக்குத் தண்ணீர் ஓடிப் போய்ச் சேர்ந்தது. குறுக்கே இருந்த பாறைக்குள் எண்ணெய் அசையாமல் கிடந்தது. விரிசலுக்கு இணையாகச் செலுத்துகிணறுகளை வரிசைப்படுத்தினால் தண்ணீர் பக்கவாட்டில் தள்ளும்.

திசை ஒன்றும் தெரியவில்லை, எல்லாப் பக்கமும் சீக்கிரம் நனைகிறது என்றால் மெல்லிய வேக அடுக்கைச் சந்தேகப்படுங்கள். சவூதியின் கவார் வயலில் அரபு-டி சுண்ணாம்புப் பாறைக்குள் அப்படிப்பட்ட அடுக்குகள் உண்டு. சில மீட்டர் கனமே உள்ள பகுதி கிணற்றின் பெரும்பகுதி ஓட்டத்தைத் தானே சுமக்கும். கிணற்றுக்குள் சுழலி இறக்கி எந்த ஆழத்தில் எவ்வளவு வருகிறது என்று அளந்தால் தெரிந்துவிடும்.

அடைக்கும் முன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: வேக அடுக்குக்கும் மேல்-கீழ் அடுக்குகளுக்கும் நடுவே களிமண் தடுப்பு கிணற்றுக்குக் கிணறு தொடர்கிறதா? தொடர்ந்தால் சிமென்ட்டோ பேக்கரோ (குழாயைச் சுற்றி அடைக்கும் வளையம்) போட்டு அடைக்கலாம், வேலை செய்யும். தொடராவிட்டால் கிணற்றோரம் போட்ட அடைப்பைத் தண்ணீர் பத்தடி தள்ளிச் சுற்றிக்கொண்டு மறுபடி வந்துவிடும். அதற்கு வைத்தியம் நீரைக் கெட்டியாக்கும் பாலிமர் போன்றவை. சீனாவின் டாச்சிங்கில் அதைப் பெரிய அளவில் செய்கிறார்கள். தடுப்பு தொடர்கிறதா என்பதைக் காட்டும் மலிவான சான்று, புதிதாகத் தோண்டிய கிணற்றில் அடுக்கு அடுக்காக எடுத்த அழுத்தப் புள்ளிகள். அடுக்குகளுக்கிடையே அழுத்தம் வெவ்வேறாக இருந்தால் தடுப்பு பிடித்து நிற்கிறது.

வெளியாளை அழைக்கும் கட்டம்: சுவடுகாட்டி ரசாயனத்தைச் செலுத்தி எந்தக் கிணற்றில் எப்போது வெளிவருகிறது என்று பார்ப்பது, தண்ணீர் வழியை அடைக்கும் ஜெல்லின் வடிவமைப்பு. ஜெல் விற்க வருகிறவரிடம் முதல் கேள்வியாகத் தடுப்பைப் பற்றிக் கேளுங்கள். அவருக்கு விடை தெரியாவிட்டால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடலாம்.

அறிகுறி 2: தண்ணீர் செலுத்துகிறோம், அழுத்தம் ஏறவில்லை

*அ. கணக்கு.* மேலே அளக்கும் ஒரு கன மீட்டர் எண்ணெய் பூமிக்கடியில் கரைந்த வாயுவோடு வீங்கிக் கிடக்கிறது. 100 கன மீட்டர் எண்ணெயும் 60 கன மீட்டர் நீரும் எடுத்துவிட்டு 160 கன மீட்டர் நீர் செலுத்தினோம், சரியாகப் போயிற்று என்று எழுதியிருப்பார்கள். எண்ணெயின் வீக்கம் 1.3 என்றால் கீழே காலியானது 190. நீங்கள் நிரப்பியது 84 சதவீதம். ஆண்டுக்கணக்கில் இப்படியே போனால் அழுத்தம் எப்படி ஏறும்? எண்ணெயிலிருந்து பிரிந்து வரும் வாயு இருந்தால் அதையும் சேர்க்க வேண்டும்.

*ஆ. மீட்டர்.* செலுத்துகிணற்று மீட்டர்களைக் கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள் என்று கேளுங்கள். எதிரே இருப்பவர் கூரையைப் பார்த்தால் விடை கிடைத்துவிட்டது.

*இ. அடைப்பு, அல்லது பாறை கிழிந்துவிட்டது.* 1963-இல் ஹால் என்பவர் சொன்ன வரைபடத்தைப் போடுங்கள்: செலுத்து அழுத்தத்தை நாட்களால் பெருக்கிக் கூட்டிக்கொண்டே போய், மொத்தம் செலுத்திய நீருக்கு எதிராகக் குறிப்பது. நேர்கோடு என்றால் குறையில்லை. மேலே வளைந்தால் அடைப்பு. வடிகட்டியையும், நீரில் எண்ணெய்த் துளி, இரும்பு, பாக்டீரியா இருக்கிறதா என்பதையும் பாருங்கள். கீழே வளைந்தால் பாறை விரிந்துவிட்டது அல்லது தண்ணீர் வேறு அடுக்குக்குத் தப்பிப் போகிறது. படிப்படியாக அழுத்தத்தை ஏற்றிப் பார்க்கும் சோதனை செய்து விரிசல் அழுத்தத்தைக் கண்டுபிடித்து, அதற்குக் கீழே செலுத்துங்கள்.

*ஈ. இரண்டு கிணறும் ஒரே மணலில்தான் இருக்கின்றனவா?* கிணற்றுக்குக் கிணறு லாக்கில் ஒத்த தோற்றமுள்ள மணலைக் கோடு போட்டு இணைத்திருப்பார்கள். ஆற்றுப்படுகை மணலில் அது பெரிய பொய்யாக முடியும். எங்கள் பகுதியில் மணற்பாறையோடு நிலக்கரி அடுக்குகளும் உண்டு. நிலக்கரி பரவலாகப் படிவது, மணல் வாய்க்கால் வாய்க்காலாகப் படிவது. ஆகவே நிலக்கரியை இணைத்துக்கொண்டு அதிலிருந்து மணலை அளப்பதே என் வழக்கம். ஒரு வயலில் இப்படி மறுபடி கோடு போட்டபோது செலுத்துகிணறு ஒரு மணலிலும் உற்பத்திக் கிணறு அதற்கு அடுத்த மணலிலும் துளையிடப்பட்டிருந்தது தெரிந்தது. பத்து ஆண்டுகளாக இரண்டும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

சரிபார்க்க: செலுத்துகிணற்றைச் சில நாட்கள் மூடித் திறந்து, பக்கத்துக் கிணற்றில் அழுத்த அளவியை வைத்துப் பாருங்கள். அசைவே இல்லையென்றால் நடுவே பிறழ்வுக் கோடோ (பாறை உடைந்து நழுவிய இடம்) களிமண் சுவரோ இருக்கிறது. மூடிய கிணற்றின் அழுத்தம் எழும் கோட்டில் பிற்பகுதியின் சரிவு முதற்பகுதியைப் போல் இரட்டிப்பானால் அருகே ஓர் அடைத்த பிறழ்வு உண்டு என்பது பழைய பாடம், இன்றும் பொய்க்கவில்லை. பிறழ்வு எங்கே போகிறது என்பதற்குத்தான் நில அதிர்வு அளவீடு பணத்துக்கு மதிப்புத் தரும்.

அழுத்தம் ஏறிய பின்னும் தொல்லை ஓயாத வயலும் உண்டு. நார்வேயின் எக்கோஃபிஸ்க் 1969-இல் கண்டுபிடிக்கப்பட்ட சாக்குப் பாறை (chalk, மென்மையான சுண்ணாம்புப் பாறை) வயல். கடலடி அமிழ்வதை 1984-இல் கவனித்தார்கள். 1987-இல் மேடைகளை 6 மீட்டர் உயர்த்தினார்கள். அதே ஆண்டு பெரிய அளவில் நீர் செலுத்தத் தொடங்கினார்கள். தண்ணீர் பட்டதும் அந்தப் பாறை வலுவிழந்து மேலும் நசுங்கியது. ஆனால் எண்ணெயை அது நன்றாகவே வெளியே தள்ளியது: தொடக்கத்தில் 17, 18 சதவீதம் கிடைக்கும் என்று கணித்த வயலில் இன்று எதிர்பார்ப்பு 50 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. உங்கள் பாறை சாக்கு என்றால் பாறை இயக்கவியல் ஆளை முதல் நாளே கூப்பிடுங்கள்.

அறிகுறி 3: லாக் எண்ணெய் என்கிறது, கிணறு தண்ணீரைத் தருகிறது

*அ. ஆழம்.* எண்ணெய் உள்ளே வரக் கேசிங்கைத் துப்பாக்கியால் துளையிட்ட ஆழமும் லாக் ஆழமும் ஒன்றுதானா? கோர் ஆழம் துளைக்குழாயின் நீளத்தால் அளந்தது, லாக் ஆழம் கம்பியால் அளந்தது. இரண்டுக்கும் சில மீட்டர் வித்தியாசம் சாதாரணம். கோரின் மேல் எடுத்த காமா (இயற்கைக் கதிர்வீச்சு) அளவை லாக்கின் காமாவோடு பொருத்தி நகர்த்துங்கள். மூன்று மீட்டர் மணலில் இரண்டு மீட்டர் பிசகினால் நீங்கள் துளையிட்டது களிமண்ணை.

*ஆ. நிலக்கரி.* அடர்த்தி குறைவு, மின்தடை அதிகம், காமா குறைவு. அச்சு அசலாக எண்ணெய் நிறைந்த மணலைப்போல நிற்கும். தோண்டும்போது வந்த துகள்களின் குறிப்பேட்டைப் புரட்டினால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

*இ. கழுவப்பட்ட மணல்.* நீர் செலுத்திய வயல்களில் நடுவே புதுக் கிணறு தோண்டுபவர்கள் விழும் குழி இது. நாம் செலுத்தியது நன்னீர் என்றால் பாறையின் மின்தடை உயரும். மின்தடையிலிருந்து பாறையில் உள்ள நீரின் பங்கைக் கணக்கிட 1942-இல் ஆர்ச்சி என்பவர் கொடுத்த சூத்திரத்தில் பழைய உப்புநீரின் எண்ணைப் போட்டால் விடை "எண்ணெய்" என்று வரும். உண்மையில் அங்கே இருப்பது போன வாரம் நாம் செலுத்திய தண்ணீராகக்கூட இருக்கலாம். உப்பைச் சார்ந்திராத கார்பன்-ஆக்சிஜன் லாக் எடுக்கச் சொல்லுங்கள். அழுத்தப் புள்ளிகளும் கை கொடுக்கும்: ஒரு மீட்டர் ஆழத்துக்கு நீர் என்றால் ஏறத்தாழ 0.1 கே.எஸ்.சி. (சதுர சென்டிமீட்டருக்குக் கிலோகிராம்), எண்ணெய் 0.08-ஐ ஒட்டி, வாயு 0.02-ஐ ஒட்டி. ஆனால் அடுக்கின் கனம் போதாவிட்டால் கோட்டின் சரிவை நம்ப முடியாது.

எண்ணெயும் வரவில்லை, தண்ணீரும் வரவில்லை என்றால் கிணற்றோரச் சேதம். அழுத்தம் எழும் சோதனை செய்து சேதத்தின் அளவைப் பாருங்கள். அமிலம் விடுவதற்கு முன் எந்தக் களிமண் இருக்கிறது என்று ஆய்வகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். தவறான அமிலம் ஊற்றிக் கெடுத்த கிணற்றை மீட்பது கடினம்.

அறிகுறி 4: வாயு அதிகமாக வருகிறது

அடித்தள அழுத்தம் குமிழி அழுத்தத்துக்கு (எண்ணெயில் கரைந்த வாயு பிரியத் தொடங்கும் அழுத்தம்) கீழே இறங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இறங்கியிருந்தால் சோக்கைக் குறையுங்கள், செலுத்துகிணற்றைக் கவனியுங்கள். இறங்காமலேயே வாயு வந்தால் மேலிருக்கும் வாயுத் தொப்பி கீழே இழுபடுகிறது, அல்லது சிமென்ட்டில் வழி உண்டு. அறிகுறி 1-இன் இ, ஈ இங்கும் பொருந்தும்.

அறிகுறி 5: கணினி மாதிரி உற்பத்தி வரலாற்றோடு பொருந்துகிறது, முன்கணிப்பு பொய்க்கிறது

*அ. வயல் மொத்தம் பொருந்துகிறதா, கிணற்றுக்குக் கிணறு பொருந்துகிறதா?* மொத்தக் கோடு அழகாகப் பொருந்தும். உள்ளே ஒரு கிணறு இருமடங்கும் அடுத்தது பாதியுமாக இருக்கும்.

*ஆ. பெருக்கிகளைக் காட்டச் சொல்லுங்கள்.* வரலாற்றைப் பொருத்துவதற்காக ஊடுருவுதிறனை எங்கெங்கே எத்தனை மடங்காக்கினார்கள் என்ற வரைபடம் அது. கிணற்றைச் சுற்றிச் சதுரம் சதுரமாகப் பத்து மடங்கு, இருபது மடங்கு என்று ஒட்டுப்போட்டிருந்தால் அந்த மாதிரிக்கு வயலைத் தெரியாது.

*இ. கண்கட்டுச் சோதனை.* கடைசி இரண்டு ஆண்டுகளின் தரவை மறைத்து, அதற்கு முந்தையதை மட்டும் வைத்துப் பொருத்தச் சொல்லி, பிறகு மறைத்ததோடு ஒப்பிடுங்கள். இதற்கு மறுக்கிறவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

*ஈ. சராசரி.* பத்து மீட்டர் மணல். ஒன்பது மீட்டர் 20 மில்லிடார்சி, ஒரு மீட்டர் 2,000. மாதிரியின் ஒரே கட்டத்துக்குள் போட்டால் சராசரி 218. கணினியைப் பொறுத்தவரை தண்ணீர் ஒரு சுவர்போல மெதுவாக நகர்கிறது. பாறையிலோ ஓட்டத்தில் 92 சதவீதம் அந்த ஒரு மீட்டரில் பறந்துவிடுகிறது. மற்ற ஒன்பது மீட்டரின் எண்ணெய் அப்படியே கிடக்கிறது. கட்டத்தை மெல்லியதாக்கச் சொல்லுங்கள். கணினிக்கு நேரம் பிடிக்கும் என்பார்கள். பிடிக்கட்டும்.

கனடாவின் வேபர்ன் வயலில் நடந்தது ஏறக்குறைய இதுதான். மேலே மார்லி என்ற இறுக்கமான டோலமைட், கீழே விரிசலோடிய சுண்ணாம்பு. 1964 முதல் செலுத்திய தண்ணீர் பெரும்பாலும் கீழடுக்கைக் கழுவிக்கொண்டு போனது. மேலடுக்கில் எண்ணெய் நிற்பதை அறிந்து 1991 முதல் அதற்குள் கிடைமட்டக் கிணறுகள் தோண்டினார்கள். 2000 முதல் வடக்கு டகோட்டாவிலிருந்து குழாய் வழியே கார்பன் டை ஆக்சைடு கொண்டுவந்து செலுத்துகிறார்கள். அது எங்கே போகிறது என்று பார்க்க நில அதிர்வு அளவீட்டைத் திரும்பத் திரும்ப எடுத்தார்கள். அங்கே அது பயன் தந்தது. உங்கள் மணல் மூன்று மீட்டர் கனம் என்றால் அந்த அளவீட்டின் கண்ணுக்கே தெரியாது. ஒப்பந்தத்துக்கு முன் இதைக் கேட்டுவிடுங்கள்.

*உ. எல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் பொருந்தவில்லை.* இப்போது வெளியாளை அழைக்கலாம். கணினிக்காரருக்கு முன்னால் பாறை படிக்கத் தெரிந்த ஒருவரை மூன்று நாட்களுக்குக் கூப்பிட்டு, கோர் கிடங்கைத் திறந்துவிடுங்கள். எங்களுக்கு அப்படி வந்தவர் பெட்டிகளை மேசையில் வரிசையாகப் பரப்பி, தண்ணீர் தெளித்து, லென்ஸோடு குனிந்தார். அரை மணி நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு விரல் வைத்துக் காட்டினார்: மணலுக்கு நடுவே நான்கைந்து சென்டிமீட்டருக்கு ஒன்றாகக் கருப்பு நூல்போலக் களிமண் இழைகள். ஆய்வகத்துக்குச் சிறு உருளைகள் வெட்டி அனுப்பியவர்கள் இழை இல்லாத இடமாகப் பார்த்தே வெட்டியிருந்தார்கள். இழை உள்ள இடம் வெட்டும்போதே பொடிந்துவிடும். அதனால் எங்கள் அறிக்கைகள் எல்லாம் நல்ல மணலின் அறிக்கைகள். செங்குத்து ஊடுருவுதிறனை மாதிரியில் அந்த இழைகளுக்கேற்பக் குறைத்ததும், ஒட்டுப்போட்ட பெருக்கிகளில் பாதியை எடுத்துவிட முடிந்தது. மேல் மணலுக்கும் கீழ் மணலுக்கும் நடுவே பேக்கர் இறக்கித் தனித்தனியாக நீர் செலுத்த முடிவானது. அந்தப் பெட்டிகளின் மூடியில் கிணறு தோண்டிய ஆண்டின் தூசு அப்படியே இருந்தது.